கவ்வாத்துச் சாமிக்குச் சாராயம் இல்லை

ஜூலை 3, திங்கள்

ஐந்தே முக்காலுக்கு மழை கொஞ்சம் விட்டது. ஆறு மணிக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. ஆண்கள் ஆறு பேர், பெண்கள் ஒன்பது பேர், எல்லாரும் வந்து வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை அருளப்பனின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இன்றும் இல்லை. போன வாரமே சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நம்பர் மலையில் இன்று கவ்வாத்துத் தொடக்கம். ஐந்து வருடம் கொழுந்து கொடுத்து ஓய்ந்த தேயிலைச் செடியை முழங்காலுக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டுகிற வேலை. ஆறு ஏக்கர், இருபத்திரண்டாயிரம் செடி. ஆளுக்கு நூற்றைம்பது வெட்டினால் இருபத்தைந்து நாளில் முடியும். நூறு என்றால் ஆகஸ்ட் பாதியைத் தாண்டும். அதற்குள் வெயில் விழுந்துவிட்டால் வெட்டுப்பட்ட கிளை காய்ந்து செடியே பட்டுப்போகும். புதுச் செடி வைத்து அது கொழுந்து தருவதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். எனக்கு எழுபத்தொன்று.

மலையடியில் ஒரு கல் இருக்கிறது, கவ்வாத்துச் சாமி. முதல் செடியை வெட்டுமுன் கத்திகளை அதன் முன்னால் அடுக்கி, ஒரு போத்தல் சாராயத்தில் பாதியைக் கல்லின் மேல் ஊற்றி, மீதியை வெட்டுகிறவர்கள் குடிப்பது வழக்கம். இந்த வருடம் தேங்காய், வாழைப்பழம், இரண்டு போத்தல் சோடா என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளையன் எனக்குக் கேட்கும்படியே சொன்னான்: "சாமிக்கு சோடா குடுத்தா ஏப்பந்தான் விடும். வரமா குடுக்கும்?"

பெண்கள் முந்தானையில் வாயை மூடிக்கொண்டார்கள். சன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. தேங்காயை உடைக்க அருவாளை எடுத்தவன் இரண்டு தடவை குறி தவறினான். கை நடுங்குகிறவர்களைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 4, செவ்வாய்

மழை. வெள்ளையன் 128. காத்தான் 119. சன்னாசி 84.

இந்தத் தோட்டத்தில் சன்னாசியை விட நல்ல கவ்வாத்துக்காரன் இருந்ததில்லை. பதினாறு வயதில் என் வீட்டுக்காரரிடம் வேலைக்கு வந்தவன், இப்போது நாற்பத்தாறு. அவர் எழுதி வைத்த பழைய பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். அவன் பெயருக்கு நேரே 250, 262, 255. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் இரண்டு சிறிய கோடுகள். அது கவ்வாத்துக் கிளாஸ் கணக்கு. நூற்றைம்பதுக்கு மேல் வெட்டுகிற ஒவ்வொரு ஐம்பதுக்கும் ஸ்டோர் வாசலில் ஒரு கிளாஸ் சாராயம். அவர் உண்டாக்கிய வழக்கம். அவர் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார், தானும் ஊற்றிக்கொள்வார். அவர் இறந்த வாரமே நான் அதை நிறுத்தினேன். ஆறு வருடமாகிறது. நிறுத்திய பிறகு ஆண்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் காய்ச்சுகிற கசிப்புச் சாராயத்துக்குப் போனார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

நூற்றுக்குக் குறைந்தால் அரைப் பேர், அரை நாள் வேலைதான். சன்னாசிக்கு அரைப் பேர் போட்டேன்.

"கை சூடேறணும்ங்க தொரசாணி," என்றான். "சூடேறிட்டா வெட்டிப்புடுவேன்."

காலை ஏழு மணிக்கே அவன் மேல் கசிப்பு நாற்றம்.

ஜூலை 6, வியாழன்

சொல்லாமல் மலைக்குப் போனேன். பாசி பிடித்து வழுக்குகிற பாதையில் குடையும் கைத்தடியுமாக முக்கால் மணி நேரம். சன்னாசி வடிகால் கானுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மழைத்தண்ணீர் அவன் தோளைச் சுற்றி ஓடியது. செத்துவிட்டான் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கைத்தடியால் தட்டினேன். கண்ணைத் திறந்து, "பெரட்டுக்கு வந்துட்டேங்க," என்றான்.

மாலையில் அவனையும் அவன் பெண்சாதி அங்கம்மாவையும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பங்களாவுக்கு அழைத்தேன். பத்து நாள் அவன் இங்கே, பின்கட்டுச் சாமான் அறையில் தங்க வேண்டும். பகலில் அருளப்பன் கண் முன்னால் வேலை. மாலை ஆறிலிருந்து காலை ஐந்தரை வரை வெளியே பூட்டு, சாவி என்னிடம். சாப்பாடு என் அடுப்படியில். ஒரு சொட்டும் கிடையாது. பத்து நாளில் மனிதன் சுத்தமாகிவிடுவான்.

"நீங்களே வச்சுக்கிடுங்க," என்றாள் அங்கம்மா. "நான் இருவத்தெட்டு வருசமா வச்சிருந்து கண்டது போதும்."

"பொண்டாட்டிய விட்டுட்டுப் பங்களாவுக்கு வாக்கப்பட்டுப் போறேன்னு லயமே சிரிக்குமே," என்றான் சன்னாசி.

"சிரிக்கட்டும். நீ விழுந்து கெடக்குறப்ப மட்டும் அழுதாங்களாக்கும்."

அவன் தன் கவ்வாத்துக் கத்தியைத் தரையில் வைத்து, அதைத் தொட்டு, குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தான். கத்தி அவனுடன் அறையிலேயே இருக்கட்டும் என்றேன். சத்தியம் கண் முன்னால் இருக்க வேண்டும்.

போகும்போது அங்கம்மா வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போனவள் சொல்லவில்லை.

ஜூலை 7, வெள்ளி

சன்னாசி 96. வாசனை இல்லை. காலையில் ரொட்டி சாப்பிடவில்லை, மத்தியானம் சோறும் தொடவில்லை. "வகுறு ஒத்துக்கல," என்றான். எனக்கு மனம் நிறைந்திருந்தது. மூன்று ஜன்னல்களின் திரையைத் துவைக்கப் போட்டேன்.

ஜூலை 8, சனி

சன்னாசி 41. அருளப்பன் பத்து மணிக்கே திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். இவ்வளவு குளிரில் அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பை வாய்க்குப் போகுமுன் பாதி கீழே கொட்டியது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான், அப்போதும் கொட்டியது. வெட்கப்பட்டு, "நான் தொடச்சிர்றேங்க," என்று குனிந்தவனால் துணியைப் பிடிக்க முடியவில்லை.

அருளப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, கொஞ்சமாக் குடுத்துக் கொறைக்கலாமேம்மா."

கொஞ்சம் என்று ஒன்று இல்லை என்றேன். தவக்காலத்தில் கன்னியர் மடத்தில் மதர் எங்களுக்கு இனிப்பைக் கொஞ்சமாகவா குறைத்தார்? சாம்பல் புதன் வந்தால் நின்றுவிடும். நாற்பது நாள். யாரும் செத்துப்போகவில்லை. அங்கே படித்த பதினோரு வருடத்தில் நான் கற்ற ஒரே பாடம் அதுதான் என்றாலும் போதும்.

என் வீட்டுக்காரரும் கடைசி நான்கு நாள் ஒரு சொட்டும் தொடாமல் சுத்தமாகத்தான் போனார். துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் இதைச் சொன்னேன். அவருக்கு வந்தது காய்ச்சல். காய்ச்சலிலும் கை நடுங்கும்.

கதவைப் பூட்டிய பிறகு இரண்டு தடவை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

வேலை இல்லாத நாள். எல்லாவற்றையும் வரிசையாக எழுத முயல்கிறேன். என் கையெழுத்து இப்படி இருந்ததில்லை.

மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிப் பங்களாவைச் சுற்றி அடைத்துக்கொண்டது. சமையற்கட்டிலிருந்து பார்த்தால் சாமான் அறை தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. சுவரில் எதையோ தட்டுகிற சத்தம். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். சன்னாசி காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலிலிருந்து அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். காலில் ஒரு அட்டையும் இல்லை. பிடுங்கிய இடமெல்லாம் நகம் பட்டு ரத்தம். பிறகு கத்தியை எடுத்தான். சுவரில் ஏறுகிற அட்டைகளை வெட்டத் தொடங்கினான். சுண்ணாம்பு பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது.

அவனைப் பார்த்துப் பயந்தேனா, அவனுக்காகப் பயந்தேனா என்று என்னைக் கேட்டால் தெரியாது. அடுத்து அவன் காலில் வெட்டப் போகிறான் என்று தெரிந்தது.

பெரட்டில் பேசுகிற குரலில் சொன்னேன்: "சன்னாசி. கத்தி மொட்டையாகிவிட்டது. தீட்ட வேண்டும், கொடு."

அவன் நிமிர்ந்தான். கண் என்மேல் இல்லை. ஆனால் எழுந்து வந்து, கத்தியைத் திருப்பி, பிடியை என் பக்கம் வைத்துத்தான் நீட்டினான். முப்பது வருடப் பழக்கம். நான் வாங்கிக்கொண்டேன்.

"ஐயா வந்திருக்காரு," என்றான். "ஒங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறாரு. கிளாஸ் கேக்குறாருங்க. குடுத்துருங்க, பாவம், கை நடுங்குது அவருக்கு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பனியில் முதுகைக் காட்டியபடி சமையற்கட்டு வரை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. கதவைத் தாழ் போட்டு, கத்தியை அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன்.

பிறகு அவன் கத்தியது லயம் வரை கேட்டிருக்கிறது. நான்கு மணிக்கு வெள்ளையனும் காத்தானும் இன்னும் சிலரும் வந்து வாசலில் நின்றார்கள். அங்கம்மாவும் வந்தாள்.

"சாமி புடிச்சிருச்சுங்க," என்றான் வெள்ளையன். இன்று கேலி இல்லை. "பூசைக்குச் சாராயம் வைக்காத குத்தம். கத்திக்காரங்கள்ல மூத்தவன் அவன்தான், அதான் அவன்மேல எறங்கியிருக்கு. ஒரு போத்தல் வாங்கிக் கல்லுல ஊத்தி, அவன் வாயிலயும் ரெண்டு மொடக்கு ஊத்துனா மலையேறிரும். உத்தரவு குடுங்க."

"சாமியும் இல்லை, பேயும் இல்லை," என்றேன். "காய்ச்சல். மூன்று நாள் கட்டுப்பாட்டைப் பாழாக்க வழி தேடுகிறீர்கள்."

"இல்லீங்க தொரசாணி, அவன் தாங்க மாட்டான்."

"வீட்டுக்குப் போ, வெள்ளையா."

அவர்கள் போனார்கள். அங்கம்மா மட்டும் போகவில்லை. சாமான் அறை ஜன்னலுக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். நான் அவளைப் போகச் சொல்லவில்லை.

ஜூலை 10, திங்கள்

சன்னாசி உயிரோடு இருக்கிறான். இதை முதலில் எழுத வேண்டும்.

காலை ஐந்தரைக்கு நான் பூட்டைத் திறக்கவில்லை. ஆறரைக்கு வலிப்பு வந்தது. அங்கம்மா வந்து என் கதவை இடித்தாள். நான் பூட்டைத் திறக்கச் சாவித் துவாரம் அகப்படாமல் திணறியபோது அவள் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் திறந்தாள். அவன் தரையில் வில்லாக வளைந்து கிடந்தான், வாயில் நுரை. அவள் அவனைப் பக்கவாட்டில் திருப்பித் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அருளப்பனைப் பெரிய தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓட விட்டேன். இரண்டு மைல். எட்டே முக்காலுக்கு டாக்டர் தம்பிராசா மழையில் நடந்தே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து மூன்று வருடம். நாடியைப் பிடித்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"எப்ப கடைசியாக் குடிச்சவன்?"

"வியாழக்கிழமை மாலை."

"ஆர் நிப்பாட்டினது?"

"நான்."

"ஒரேயடியாவோ?"

"ஆமாம்."

அவர் சன்னாசியின் கையை மெல்லக் கீழே வைத்தார். "அம்மா, முப்பது வருசம் குடிச்ச உடம்பு. அதை ஒரு நாளிலை நிப்பாட்டினால் இப்பிடித்தான் வரும். மூண்டாம் நாள், நாலாம் நாள். கனபேர் இதிலை செத்துப் போறவை. இதுக்குக் குடுக்கிற ஊசி என்னட்டை முடிஞ்சுது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகவேணும். லொறிக்குச் சொல்லிப்போட்டன், வர ரெண்டு மணித்தியாலம் ஆகும். அதுவரைக்கும் இன்னொரு வலிப்பு வரக் கூடாது."

"என்ன கொடுக்க வேண்டும்?"

"சாராயம்," என்றார். "கரண்டியாலை, கொஞ்சங் கொஞ்சமா. தானே விழுங்கினால் மட்டும்."

வாசலில் வெள்ளையன் நின்றுகொண்டிருந்தான். நேற்று அவன் கேட்டதும் இதைத்தான். காரணம் தவறு, மருந்து சரி. என் காரணம் சரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டில் சாராயம் கிடையாது. ஆறு வருடமாகக் கிடையாது. வெள்ளையனிடம், "உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவன் அங்கம்மாவைப் பார்த்தான். எனக்குத் தெரியாமல் பூசைக்கு வாங்கி ஒளித்து வைத்திருந்த போத்தல் லயத்தில் இருந்தது. ஓடிப் போய்க் கொண்டுவந்தான். மூடியை நான் திறந்தேன். தேக்கரண்டியில் ஊற்றி நானே அவன் வாயில் வைத்தேன். முதல் கரண்டி வழிந்தது. இரண்டாவதை விழுங்கினான். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று டாக்டர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பதினொரு மணிக்கு லொறி வரும்வரை கொடுத்தேன். வலிப்பு வரவில்லை.

டாக்டர் கிளம்பும்போது கேட்டார்: "முந்தி எங்கையும் இப்பிடிக் கண்டிருக்கிறீங்களோ, அம்மா?"

இல்லை என்றேன்.

ஜூலை 11, செவ்வாய்

செய்தி இல்லை. பெரட்டுக்குப் போகவில்லை.

ஜூலை 12, புதன்

புத்தி தெளியவில்லை என்று அருளப்பன் பெரிய தோட்டத்து டெலிபோனில் கேட்டு வந்து சொன்னார். கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்களாம்.

அங்கம்மா அன்று சொன்னதை எழுதாவிட்டால் இந்தப் புத்தகத்தில் இனி எதை எழுதியும் பயனில்லை. அவள் சொன்னது: "ஐயாவுக்கும் இப்புடித்தான வந்துச்சு, தொரசாணி."

அப்போது அவள் பங்களாவில் வேலை செய்தாள். விரிப்புகளைத் துவைத்தவள் அவள். அவர் காலில் ஒன்றுமில்லாததைப் பிடுங்கியதை அவள் பார்த்தாள். இரண்டு தடவை அவர் வில்லாக வளைந்ததைப் பார்த்தாள். நான் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதையும் பார்த்தாள். அவர் என் காலைப் பிடித்துக் கேட்டார். மதிப்பான மனிதர், தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்தார். நான் கால்களை இழுத்துக்கொண்டேன். நாலாம் நாள் விடியுமுன் போனார். நான் டாக்டருக்குச் சொல்லி அனுப்பவில்லை, ஏனென்றால் தோட்டத்துத் துரை குடியால் நடுங்குகிறார் என்று வெளியே தெரியக் கூடாது. காய்ச்சல் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது காய்ச்சல்தான் என்றாகிவிட்டது.

சனிக்கிழமை சன்னாசி கோப்பையைக் கொட்டியபோதே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நிச்சயமாகத் தெரியும். அவனுக்குச் சாராயம் கொடுத்து அவன் பிழைத்தால், அவரும் பிழைத்திருப்பார் என்று ஆகிவிடும். அதனால்தான் ஒரு நாள் முழுவதும் மறுத்தேன். கட்டுப்பாட்டுக்காக இல்லை.

எழுதிவிட்டேன். கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை.

ஜூலை 14, வெள்ளி

லொறியில் முன்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் ஒரே நெரிசல், கட்டிலுக்குக் கீழேயும் பாய். சன்னாசி கண் திறந்திருந்தான். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு. எழுந்து நிற்க முயன்றான். படு என்றேன்.

"எத்தன செடிங்க பாக்கி?"

"அதை நீ கேட்க வேண்டாம்."

"மழ விட்டுருமேங்க." பிறகு மெதுவாக, "சத்தியத்த மீறிட்டனா தொரசாணி? வாயில சாராய வாசன இருந்துச்சு, முழிச்சப்ப."

"நான்தான் கொடுத்தேன்."

அவன் நம்பவில்லை. அங்கம்மா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம், "அன்றே, வியாழக்கிழமையே, நீ ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னாக் கேட்டிருப்பீங்களா?"

ஒரு சுளையை என்னிடம் நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 22, சனி

சன்னாசி வியாழக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர் தம்பிராசா பார்ப்பார். மெலிந்திருக்கிறான், ஆனால் தெளிவான கண். லயத்து ஆண்கள், சாமி மன்னித்துவிட்டது என்கிறார்கள். பெண்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்களாம், அருளப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தொரசாணி பூட்டிப் போட்டுத் திருத்திட்டாங்கன்னு ஒரே பேச்சும்மா. குழாயடியில ஒங்க புகழ்தான்."

மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். ஆறு வருடம் கழித்து என்னைப் பற்றி நல்லதாக ஒரு பேச்சு. பேசாமல் இருந்துவிட்டேன்.

கவ்வாத்து இன்னும் பத்தாயிரம் செடி பாக்கி. வெள்ளையனும் காத்தானும் காய்ச்சல் என்று இன்று வேலைக்கு வரவில்லை.

ஜூலை 24, திங்கள்

கை ஓயும் முன் எழுதிவிட வேண்டும்.

பெரட்டில் வெள்ளையனும் காத்தானும் இன்றும் இல்லை. "எங்கே?" என்றேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளையன் பெண்சாதி பேச்சாயி முன்னால் வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பூ முடித்திருந்தாள், திருவிழாவுக்கு வந்தவள் மாதிரி.

"பூட்டி வச்சிருக்கோம் தொரசாணி. நீங்க செஞ்ச மாதிரியே. நானும் காத்தான் பொண்டாட்டியும். கத்துனாங்க, கதவ ஒதச்சாங்க, நாங்க அசையலையே."

"எப்போதிருந்து?"

"வெள்ளிக்கெழம பொழுது சாயவே."

விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. அருளப்பனை டாக்டரிடம் ஓடச் சொன்னேன். குடையை எடுக்காமல் லயத்துக்கு இறங்கினேன். வழியில் இரண்டு தடவை விழுந்தேன், பேச்சாயி தூக்கிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கினாள்.

வெள்ளையன் அறையைத் திறந்தோம். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல் தந்தியடித்தது. என்னைத் தெரிந்துகொண்டான். "குளுருதுங்க," என்றான்.

"கொஞ்சம் சாராயம் இருந்தால் கொண்டு வா," என்றேன் பேச்சாயியிடம்.

அவள் அசையவில்லை. "மாட்டேன் தொரசாணி. மூணு நாளு பொறுத்துட்டேன். கொஞ்சம்னு ஒண்ணு இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க. கணக்கப்பிள்ள சொன்னாரு. சன்னாசியண்ணே பூட்டுனதுனாலதான திருந்துச்சு?"

லயத்து வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கொழுந்துக் கூடையோடு, எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். இந்த மனிதர்கள் முன்னால் இதுவரை எண்ணிக்கையைத் தவிர வேறெதையும் பேசியதில்லை.

"பூட்டியதால் சன்னாசி சாகப் பார்த்தான்," என்றேன். "சாராயம் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். டாக்டர் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்தினால் ஆள் செத்துப்போவான். எனக்குத் தெரியும். ஐயாவை நான் அப்படித்தான் கொன்றேன். காய்ச்சல் இல்லை. அலமாரியைப் பூட்டி வைத்துக் கொன்றேன்."

அங்கம்மா கூட்டத்துக்குள்ளிருந்து, "சொல்றாங்கல்ல, போடி," என்றாள். பேச்சாயி ஓடினாள்.

காத்தான் அறை லயத்தின் கடைசி. அவன் பெண்சாதி பெரட்டிலிருந்தே கொழுந்துக்குப் போய்விட்டாள், சாவி அவள் இடுப்பில், ஐந்தாம் நம்பர் மலையில். கதவில் காதை வைத்தேன். உள்ளே சத்தமே இல்லை. "காத்தான்," என்றேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். என் அப்பா பெரிய கங்காணி, நான் யாரையும் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை.

சன்னாசிதான் இரும்பு அலவாங்கு கொண்டுவந்தான். டாக்டர் அவன் பாரம் தூக்கக் கூடாது என்றிருக்கிறார். கொண்டியில் கொடுத்து நெம்பினான், கை வழுக்கியது, மறுபடி நெம்பினான். கதவு உள்ளே விழுந்தது. காத்தான் விறகு அடுக்கின் பக்கத்தில் கிடந்தான். நாக்கைக் கடித்திருந்தான், கன்னமெல்லாம் ரத்தம். மூச்சு இருந்தது.

அங்கம்மா அவனைப் பக்கவாட்டில் திருப்பினாள். தலையை யார் பிடிப்பது என்று பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்து என் மடியில் வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் ஊசியோடு வந்தார். காத்தான் லொறியில் போயிருக்கிறான், வழியிலேயே கண் விழித்துப் பெண்சாதியைத் திட்டினானாம். வெள்ளையனுக்கு இங்கேயே மாத்திரை. மற்ற கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே பார்த்த பிறகுதான் என்னால் உட்கார முடிந்தது. இன்று பேரேட்டில் எல்லாருக்கும் முழுப் பேர் போடச் சொன்னேன். ஒரு செடியும் வெட்டவில்லை.

லயத்து வாசலில் ஒரு பலகையைப் போட்டார்கள். நான் உட்கார்ந்தபோது யாரும் எழுந்து நிற்கவில்லை. பேச்சாயி தகரக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஐம்பது வருடத்தில் இந்த லயத்தில் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. வாங்கினேன். கோப்பை பல்லில் இடித்தது, பாதி புடவையில் கொட்டியது. எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும்.